சென்னையில் கட்டடங்கள் இடிந்து விழுதல்

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் கட்டடங்கள் இடிந்து விழும் நிகழ்வுகள் தனித்தனி விபத்துகளாகவே செய்திகளில் வருகின்றன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சில பொதுவான போக்குகள் தெரியும். விழும் கட்டடங்களில் பெரும்பாலானவை இரண்டு வகையைச் சேர்ந்தவை: கட்டி முடியாதவை, கட்டி நெடுநாளானவை. இடைப்பட்ட வயதுக் கட்டடம் தானாக விழுவது குறைவு. அப்படி விழுந்தால், பெரும்பாலும் யாரோ அதில் கைவைத்திருப்பார்கள். மேலே ஒரு மாடி ஏற்றியிருப்பார்கள், கடையை அகலமாக்கத் தாங்குசுவரை எடுத்திருப்பார்கள், அல்லது பக்கத்து மனையில் ஆழமாகப் பள்ளம் தோண்டியிருப்பார்கள்.

மழை, இடி, காற்று ஆகியவை விபத்து நடந்தவுடன் சொல்லப்படும் காரணங்கள். இவை பெரும்பாலும் கடைசித் தூண்டுதல் மட்டுமே. முறையாகக் கட்டிய வீடு வடகிழக்குப் பருவமழையில் ஆண்டுதோறும் நனைகிறது, விழுவதில்லை.

தமிழில் 'கட்டடம்', 'கட்டிடம்' என்று இரண்டு சொற்கள் மாறி மாறி எழுதப்படுகின்றன. கட்டப்பட்டது கட்டடம், கட்டும் இடம் கட்டிடம் என்று இலக்கண ஆசிரியர்கள் பிரித்துச் சொல்வார்கள். இக்கட்டுரையின் பொருளுக்கு இந்த வேறுபாடு உதவுகிறது. கட்டடம் விழுந்ததற்கான காரணம் பல வேளைகளில் கட்டிடத்தில், அதாவது மனையின் மண்ணில், தொடங்குகிறது.

மௌலிவாக்கம், 2014

சென்னையின் கட்டட விபத்துகளில் மிகக் கொடியது 2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் நடந்தது. போரூர் ஏரிக்கு அருகில் ஒரு தனியார் நிறுவனம் பதினொரு மாடிகள் கொண்ட இரண்டு அடுக்ககங்களைக் கட்டிவந்தது. அன்று சனிக்கிழமை. மாலை ஐந்து மணியளவில், மழைக்கு இடையே, ஒரு கோபுரம் சில நொடிகளில் இருந்த இடத்திலேயே தரைமட்டமானது. 61 பேர் இறந்தனர். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திரப் பிரதேசம், ஒடிசா, தமிழ்நாட்டின் பிற மாவட்டங்கள் ஆகிய இடங்களிலிருந்து வேலைக்கு வந்திருந்த கட்டுமானத் தொழிலாளர்கள்.

அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்புத் துறையினரும் ஏறத்தாழ ஒரு வாரம் இடிபாடுகளை அகற்றினர். தளத்தின் மேல் தளம் அப்பளம் அடுக்கியது போலப் படிந்திருந்ததால், ஒவ்வொரு தளத்தையும் துளையிட்டு, மோப்ப நாய்களையும் ஒலி கேட்கும் கருவிகளையும் கொண்டு தேட வேண்டியிருந்தது. மூன்று நாள் கழித்து உயிருடன் எடுக்கப்பட்டவரும் உண்டு.

கட்டுநர் தரப்பு இடி விழுந்ததைக் காரணமாகச் சொன்னது. இடி ஒரு கட்டடத்தின் மூலையை உடைக்கலாம், மின்கம்பிகளைக் கருக்கலாம். பதினொரு மாடியை அடிவரை இறக்கும் வேலை அதற்கில்லை. தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். ரெகுபதி தலைமையில் ஒருநபர் விசாரணை ஆணையம் அமைத்தது. கட்டமைப்பு வடிவமைப்பில் இருந்த குறைபாடுகளையும் கட்டுநர்களின் பொறுப்பையும் ஆணையம் சுட்டியது.

எஞ்சிய கோபுரமும் பாதுகாப்பானதன்று என்று முடிவானது. வழக்குகளைக் கடந்து, உச்சநீதிமன்றம் வரை சென்ற பிறகு, 2016 நவம்பர் 2 அன்று மாலை வெடிமருந்து வைத்து அது தகர்க்கப்பட்டது. சென்னையில் ஓர் உயர்ந்த கட்டடம் இம்முறையில் இடிக்கப்பட்டது அதுவே முதல் முறை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அந்தக் கோபுரத்தில் வீட்டுக்குப் பணம் கட்டியிருந்த குடும்பங்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

மண்

சென்னை ஒரே வகை மண்ணின் மேல் இல்லை. கடற்கரையை ஒட்டிய திருவான்மியூர், சாந்தோம், ஜார்ஜ் டவுன், தண்டையார்ப்பேட்டை போன்ற பகுதிகளில் மணல். கிண்டி, வேளச்சேரியின் சில பகுதிகளில் ஆழம் குறைந்த பாறை. தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், கொளத்தூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். இவற்றோடு ஏரிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தியாகராய நகரே 1920-களில் பழைய நீண்ட ஏரியின் படுகையில் உருவான குடியிருப்பு. வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் ஏரி. நகரம் மேற்கிலும் தெற்கிலும் விரிந்தபோது ஏரிக்கரைகளும் நீர்பிடிப்புப் பகுதிகளும் மனைகளாயின.

களிமண்ணின் குணம் டெல்டா விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடையில் வயலில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும், தண்ணீர் பாய்ந்ததும் உப்பி மூடிக்கொள்ளும். வீட்டின் அடியிலும் இதுவே நடக்கிறது. ஈரம் பட்ட மூலை ஒரு விதமாகவும், காய்ந்த மூலை வேறு விதமாகவும் அசையும். கட்டடம் முழுவதும் ஒரே சீராக ஓர் அங்குலம் இறங்கினால் பெரிய தீங்கில்லை. ஒரு தூண் மட்டும் ஓர் அங்குலம் இறங்கினால், அது சுமந்த பாரம் பக்கத்துத் தூண்களுக்குப் போய்விடும். அவை அந்தக் கூடுதல் பாரத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

இதனால்தான் அடித்தளம் போடுமுன் மண் பரிசோதனை. மனையில் சில இடங்களில் துளையிட்டு, எந்த ஆழத்தில் என்ன மண், அது எவ்வளவு பாரம் தாங்கும், நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். மண் இளகியதாக இருந்தால் கீழே உறுதியான அடுக்கு வரை பைல் எனப்படும் நிலத்தூண்களை இறக்க வேண்டும். பெரிய அடுக்ககத்தின் மொத்தச் செலவில் இந்தப் பரிசோதனையின் செலவு மிகச் சிறியது. ஆனாலும் பக்கத்து மனையின் அறிக்கையை வாங்கிப் பெயர் மாற்றிக்கொள்வதும், 'இந்த ஏரியாவில் எல்லாரும் ஆறடிதான் தோண்டினார்கள்' என்று வானம் தோண்டுவதும் நடக்கின்றன.

பக்கத்து மனையில் தோண்டுவது தனி ஆபத்து. இரண்டு அடுக்கு நிலவறை வாகன நிறுத்தத்துக்கு இருபதடிக்கு மேல் பள்ளம் எடுக்கும்போது, ஒட்டி நிற்கும் பழைய வீட்டின் கடைக்கால் மூன்றடி, நான்கடி ஆழத்திலேயே இருக்கும். அதன் அடிமண் பள்ளத்துக்குள் சரிய ஆரம்பித்தால், தன் பங்குக்கு எந்தத் தவறும் செய்யாத வீடு விழும்.

தூணும் தளமும்

கான்கிரீட் கட்டடத்தில் பாரம் செல்லும் வழி எளிது. தளம் தன் பாரத்தை உத்திரத்துக்குக் கொடுக்கிறது, உத்திரம் தூணுக்கு, தூண் அடித்தளத்துக்கு, அடித்தளம் மண்ணுக்கு. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் மேலே உள்ளதெல்லாம் தொங்கும்.

இக்கண்ணிகள் ஒரே மாதிரி உடைவதில்லை. போதிய கம்பி வைத்த உத்திரம் அதிக பாரத்தில் முதலில் தொய்ந்து காட்டும், அடியில் வெடிப்பு விடும். உள்ளே கம்பி நீண்டு கொடுக்கும்வரை கொஞ்சம் காலம் கிடைக்கும். தூண் அப்படியல்ல. அது அமுக்கத்தில் நிற்பது. தாங்கும் எல்லையைக் கடந்தால் நசுங்கி, கம்பிகள் வெளியே பிதுங்கி, அடுத்த நொடியில் பாரத்தை விட்டுவிடும். ஆகவே கட்டமைப்புப் பொறியாளர்கள், உடைய நேர்ந்தால் உத்திரம் முதலில் உடைய வேண்டும், தூண் கடைசிவரை நிற்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். மௌலிவாக்கம் போன்ற நிகழ்வுகளில் தப்பிக்க நேரமே இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்: தூண் போனால் கட்டடம் முழுவதும் போகிறது.

ஒன்று உடைந்து அடுத்தடுத்து அனைத்தும் விழுவதைத் தொடர் சரிவு என்பார்கள். 1968 மே 16 அன்று இலண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18-ஆம் மாடிச் சமையலறையில் எரிவாயு வெடித்தது. ஒரு மூலைச் சுவர் பிய்ந்ததும் அந்த மூலை முழுவதும், மேலிருந்து கீழ்வரை, சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. நால்வர் இறந்தனர். ஒரு பகுதி போனாலும் மீதி நிற்கும்படி கட்ட வேண்டும் என்ற விதிகள் உலகெங்கும் பேசப்பட்டது இதன் பிறகே.

நம் நகரங்களில் இன்னொரு பொதுவான அமைப்பு, தரைத்தளத்தைச் சுவரில்லாமல் வெறும் தூண்களாக விட்டு வாகனம் நிறுத்துவது. மேல் மாடிகள் செங்கல் சுவர்களால் விறைப்பாக இருக்க, கீழே மட்டும் மெல்லிய கால்கள். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்ககங்கள் இந்தக் கீழ்த்தளம் மடிந்தே விழுந்தன. சென்னை குஜராத்தின் அளவுக்கு நடுங்கும் நிலமன்று. என்றாலும் இங்கும் இத்தகைய அடுக்ககங்கள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன.

மாடி மேல் மாடி

ஐந்தங்குலம், ஆறங்குலம் கனமுள்ள தளத்தைப் பார்ப்பவருக்கு அதன் எடை தெரியாது. கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,500 கிலோ. 15 சென்டிமீட்டர் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 375 கிலோ. 100 சதுர மீட்டர் வீட்டின் தளம் மட்டுமே முப்பத்தேழரை டன். உத்திரம், சுவர், பூச்சு, தரை ஓடு, சாமான்கள், மனிதர்கள் என்று சேர்த்தால் ஒரு மாடி ஏறத்தாழ நூறு டன்னுக்கு வந்துவிடும். மொட்டைமாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன். இரண்டு மாடிக்குக் கணக்கிட்ட தூணின் மேல் நான்காவது மாடி ஏறும்போது, கூடுவது வாடகை மட்டுமன்று.

தூண்களில் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்படும் கூடுதல் வலிமை உண்டு. அதனால் அனுமதியில்லா மாடி உடனே விழுவதில்லை. 'இத்தனை ஆண்டு நிற்கிறதே' என்ற நம்பிக்கை பிறப்பது இங்கேதான். அந்தக் கூடுதல் வலிமை மோசமான கலவைக்கும், கம்பித் துருவுக்கும், மண் இறக்கத்துக்கும் சேர்த்து வைக்கப்பட்ட சேமிப்பு. மாடி கட்டுபவர் அதை முன்கூட்டியே எடுத்துச் செலவழித்துவிடுகிறார்.

தானே மாவட்டம் மும்ப்ராவில் 2013 ஏப்ரல் 4 அன்று விழுந்த கட்டடம் இதன் உச்சம். அனுமதியே இல்லாமல், சில மாதங்களில் எழுப்பப்பட்டு, கீழே மக்கள் குடியிருக்க மேலே எட்டாவது மாடி கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 74 பேர் இறந்தனர். தில்லி லலிதா பூங்காவில் 2010 நவம்பர் 15 அன்று விழுந்த கட்டடத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்கே மாடி ஏற்றமும், யமுனை வெள்ளத்தால் அடித்தளத்தில் தேங்கிய நீரும் சேர்ந்துகொண்டன.

கலவை, தண்ணீர், முட்டு

ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. நல்ல கான்கிரீட்டுக்கு அதற்கு ஏறத்தாழ 22 முதல் 25 லிட்டர் தண்ணீர் போதும். இந்த அளவில் கலவை கெட்டியாக இருக்கும். கம்பிகளுக்கு இடையே இறங்க வைப்ரேட்டர் வைத்துக் குத்த வேண்டும். வேலை சுலபமாக ஓட வேண்டும் என்று இன்னும் ஒரு வாளி ஊற்றினால் கலவை வழுக்கிக்கொண்டு போகும். அந்த மிகுதித் தண்ணீர் பின்னால் ஆவியாகி, இருந்த இடத்தை நுண்துளைகளாக விட்டுச் செல்லும். அந்த ஒரு வாளியால் வலிமை கணிசமாகக் குறைகிறது. துளைகள் வழியே ஈரமும் உப்பும் கம்பிவரை போக வழியும் கிடைக்கிறது. அந்த வாளியைச் சித்தாள் தானாக ஊற்றுவதில்லை. அன்றைக்குள் தளம் போட்டு முடிக்கச் சொன்னவரின் அவசரம்தான் அதை ஊற்றவைக்கிறது.

கான்கிரீட் தன் முழு வலிமையை ஏறத்தாழ 28 நாளில் பெறுகிறது. அதுவரை நனைத்து வைப்பதும், முட்டுகளைப் பொறுமையாக எடுப்பதும் முக்கியம். இந்திய தர நிர்ணய விதி 456-இன்படி, நாலரை மீட்டருக்குட்பட்ட தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்துக்கு 21 நாள். சென்டரிங் பலகையும் கம்பும் வாடகைப் பொருள்கள், நாளுக்கு நாள் காசு. கட்டுமான நிலையில் நடக்கும் சரிவுகளில் கணிசமானவை, ஈரத்தளத்தைத் தாங்கிய முட்டுகள் நழுவியதாலோ, முன்கூட்டியே எடுக்கப்பட்டதாலோ நிகழ்கின்றன. அவற்றில் இறப்பவர்கள் பெரும்பாலும் தளத்தின் மேலும் கீழும் நிற்கும் கூலியாட்கள்.

மௌலிவாக்கம் நடந்து எட்டே நாளில், 2014 ஜூலை 6 அதிகாலை, செங்குன்றத்தை அடுத்த உப்பரபாளையத்தில் ஒரு கிடங்கின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் சாய்ந்தது. சுவரை ஒட்டிக் குடிசை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த 11 பேர் இறந்தனர். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் இதே போல ஒரு சுற்றுச்சுவர் விழுந்து 17 பேர் இறந்தனர். மதிற்சுவரைக் கட்டடமாகவே பலர் கணக்கில் எடுப்பதில்லை. பின்பக்கம் மண்ணும் நீரும் அழுத்தும் உயரமான சுவருக்கு நீர் வடியத் துளைகளும், அகலமான அடித்தளமும் வேண்டும். அச்சுவர்களின் நிழலில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது கட்டுமானச் செய்தி மட்டுமன்று.

துரு

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, சிமெண்டின் காரத்தன்மையால் துருவிலிருந்து காக்கப்படுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்து அந்தக் காரத்தைக் குறைக்கும். கடலோரத்தில் உப்பு இன்னும் விரைவாக அந்தக் காவலை உடைக்கும். துரு, அது உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளும் அந்த அழுத்தத்தில் கம்பியின் நெடுகே வெடிப்பு விழுந்து, பூச்சு பெயர்ந்து, கம்பி வெளியே தெரியும். அதன் மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது வழக்கமான வைத்தியம். புண்ணை மூடிக் கட்டுப் போட்டதாகவே இது ஆகும். துரு உள்ளே தொடரும்.

கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதற்கு விதி 456 அளவு தருகிறது. உள்நாட்டின் சாதாரணச் சூழலுக்கு 20 மில்லிமீட்டர், கடலோரக் கடுஞ்சூழலுக்கு 45. உள்நாட்டில் எம்20 வகைக் கான்கிரீட் போதும் என்றால், கடலோரத்தில் எம்30 வேண்டும். கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குகள்தான் இந்த இடைவெளியைக் காக்கின்றன. அவற்றுக்குப் பதில் ஜல்லித் துண்டை வைத்தால், மேலே ஆள் நடக்கும்போது நழுவி, கம்பி பலகையில் போய்ப் படுத்துவிடும்.

அமெரிக்காவின் மயாமிக்கு அருகே சர்ஃப்சைட் என்னும் கடற்கரை ஊரில், 1981-இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பின் பெரும்பகுதி 2021 ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின் விழுந்து 98 பேர் இறந்தனர். அதன் கீழ்த்தளக் கான்கிரீட்டின் சிதைவை ஒரு பொறியாளர் அறிக்கை 2018-லேயே குறித்திருந்தது. பழுதுபார்க்கும் செலவைப் பகிர்வது பற்றிக் குடியிருப்போர் பேசிக்கொண்டிருந்த காலத்தில் கட்டடம் காத்திருக்கவில்லை.

பழைய கட்டடங்கள்: பொறையாறும் திருவொற்றியூரும்

ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் கான்கிரீட்டுக்கு முந்திய வீடுகள் இன்னும் உள்ளன. சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் கொண்ட தடித்த சுவர், தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். பராமரித்தால் நூறாண்டு தாண்டி நிற்கும் வேலை அது. மொட்டைமாடி நீர்க்குழாய் அடைத்து, சுவரில் அரசஞ்செடி முளைத்து, கட்டையின் சுவருக்குள் இருக்கும் முனை உளுத்துப் போனால், ஒருநாள் கட்டை நழுவும். பழைய வாடகை, பாகப்பிரிவினை வழக்கு, உரிமையாளர் வெளியூரில் இருப்பது ஆகியவற்றால் யாரும் பழுதுபார்ப்பதில்லை.

டெல்டாவில் இதற்கு நெஞ்சை உலுக்கும் எடுத்துக்காட்டு பொறையாறு. 2017 அக்டோபர் 20, தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் அதிகாலை. அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த பொறையாறு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் ஓய்வறைக் கூரை, தூங்கிக்கொண்டிருந்த ஊழியர்கள் மேல் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தனர். விடுதலைக்கு முன் கட்டிய கட்டடம் அது. இரவு வண்டியை விட்டுவிட்டு, காலை முதல் வண்டியை எடுக்க அங்கேயே படுப்பவர்களுக்கு வேறு இடம் இல்லை.

இதற்கு எதிர்த்திசையில் நிற்பது திருவொற்றியூர். 2021 டிசம்பர் 27 அன்று அரிவாக்குளத்தில், 1993-இல் கட்டிய அரசுக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி, 24 வீடுகளோடு, பகலில் இடிந்து விழுந்தது. ஒருவரும் இறக்கவில்லை. முன்னதாகவே விரிசல் பெரிதாவதைக் கண்ட மக்கள், பொருளை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு வெளியே வந்துவிட்டார்கள். ஒரே நேரத்தில் இருபத்துநான்கு குடும்பங்களும் வெளியேறியதே அவர்களைக் காத்தது. ஒருவர் சொல்லி மற்றவர் நம்பாமல் இருந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

அதற்குப் பத்து நாள் முன்பு, டிசம்பர் 17 அன்று, திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். அதன் பிறகே மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் பணி வேகம் பிடித்தது. பல பள்ளிகளில் அந்தக் கட்டடங்கள் பல ஆண்டுகளாகப் பூட்டி வைக்கப்பட்டு, இடைவேளையில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும் இடமாக இருந்தவை.

முன்னறிவிப்பும் வெளியேற்றமும்

பொறையாறு, திருவொற்றியூர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பழுதான கட்டடம் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்கிறது. கேட்பவர் வெளியேற முடிகிறவரா என்பதே உயிர்களின் எண்ணிக்கையை முடிவு செய்கிறது.

வங்காளதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவாரில், ராணா பிளாசா என்னும் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. கடைகள் மூடப்பட்டன. மேல் மாடித் தையல் ஆலைகளின் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். வராவிட்டால் கூலி போகும் என்ற நிலை. அன்று காலை கட்டடம் விழுந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். ஒரே விரிசலை எல்லோரும் பார்த்தார்கள். சம்பளம் பாதுகாப்பாக இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் 1995 ஜூன் 29 அன்று சாம்பூங் பல்பொருள் அங்காடி விழுந்து 502 பேர் இறந்தபோதும் அன்று காலையிலேயே மேல் மாடியில் வெடிப்புகள் தெரிந்தன. நிர்வாகம் மேல் மாடியை மட்டும் மூடியது, விற்பனையை நிறுத்தவில்லை.

எல்லா விரிசலும் ஆபத்தன்று. பூச்சில் மயிரிழை போலக் கோலமிடும் வெடிப்புகள் காய்ச்சலால் வருபவை. சுவரும் தூணும் சேரும் இடத்தில் நேர்கோடாக வருவதும் பொதுவாகப் பயப்பட வேண்டியதன்று. சுவரில் படிக்கட்டு போலச் சாய்வாக ஏறும் விரிசல் அடித்தளம் இறங்குவதைக் காட்டலாம். தூணில் நெடுக்காகவோ சாய்வாகவோ வரும் வெடிப்பு, பிதுங்கும் கம்பி, உத்திரத்தின் முனையருகே சாய்ந்து போகும் வெடிப்பு, திடீரென இறுகிப்போய்த் திறக்காத கதவு சன்னல், இரவில் கேட்கும் 'படக்' சத்தம், தளத்திலிருந்து உதிரும் பொடி ஆகியவை காத்திருக்க வேண்டாதவை. விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வைப்பது பழைய முறை. கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று பொருள்.

ஆபத்தான கட்டடத்தைக் காலி செய்ய ஆணையிடும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புகளுக்கு உண்டு. அறிவிப்பு ஒட்டுவதோடு பல வேளைகளில் நின்றுவிடுகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு மாற்று இடமோ, பழுது நீங்கிய பின் திரும்பும் உரிமையோ உறுதியாகாதவரை, அவர் அறிவிப்பைக் கிழித்துவிட்டு அங்கேயே இருப்பதில் வியப்பில்லை.

அனுமதியும் மேற்பார்வையும்

சென்னைப் பெருநகரில் சிஎம்டிஏ எனப்படும் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், பிற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் உள்ளாட்சிகளும் அனுமதி வழங்குகின்றன. நெடுங்காலம் இந்த அனுமதி தெரு அகலம், பக்க இடைவெளி, மாடி எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்ப்பதாகவே இருந்தது. தூணுக்குள் எத்தனை கம்பி என்பதை அலுவலகத்தில் இருப்பவர் பார்ப்பதில்லை. மௌலிவாக்கத்தில் அனுமதி பெற்ற கட்டடமே விழுந்தது என்பது இந்த இடைவெளியைக் காட்டியது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், தளப் பொறியாளர் ஆகியோரின் பொறுப்பை எழுத்தில் கொண்டுவந்தன. 18.30 மீட்டருக்கு மேற்பட்டவை உயரக் கட்டடங்களாகத் தனியே ஆராயப்படுகின்றன. சிறிய வீடுகளுக்குக் கட்டி முடித்த சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே தமிழ்நாட்டில் கட்டப்படும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றை மேஸ்திரியும் வீட்டுக்காரருமே மேற்பார்க்கிறார்கள்.

கடலோரச் சிற்றூர்களில்

பெருநகரத்தில் காணப்படும் இக்காரணங்கள் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. 2021-இல் நகராட்சியாகத் தரம் உயர்ந்த அதிராம்பட்டினம் இதற்கு எடுத்துக்காட்டு. தஞ்சாவூர் மாவட்டத்தின் பட்டுக்கோட்டை வட்டத்தில், ஒருபுறம் வயலும் தென்னையும் மறுபுறம் உப்பளமும் அலையாத்திக் காடும் கொண்ட கடற்கரை ஊர். பனஞ்சட்டமும் ஓடும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட பழைய வீடுகள் இருந்த இடத்தில், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கான்கிரீட் மாடி வீடுகள் எழுந்துள்ளன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் ஓட்டு வீடும் கீற்று வீடும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், கான்கிரீட்டே காப்பு என்று நினைத்தது இயல்பு.

உப்புக் காற்றில் கான்கிரீட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். கலவைக்கும் நனைப்பதற்கும் உவர் நீரைப் பயன்படுத்தினால் துரு முதல் நாளிலேயே உள்ளே வைக்கப்படுகிறது. கடற்கரை மணலைச் சலித்துப் போடுவதும் அப்படியே. ஆற்று மணல் அரிதானபின் வந்த எம்-சாண்டில் உப்புச் சிக்கல் இல்லை. தரமறிந்து வாங்க வேண்டும் என்பதே அதன் சிக்கல்.

இவ்வூர்களில் வீடுகள் ஒரே மூச்சில் கட்டப்படுவதில்லை. ஒருவர் முதல் விடுப்பில் வந்து கீழ்த்தளம் போடுவார். மாடி அடுத்த பயணத்தின் சம்பாத்தியத்தில், ஐந்தோ பத்தோ ஆண்டு கழித்து. அதுவரை மொட்டைமாடியில் தூண்களின் கம்பிகள் மூன்றடி, நான்கடி நீட்டி விடப்பட்டிருக்கும். மழையும் உப்புக் காற்றும் பட்டு அவை செதில் செதிலாக உரியும். பத்தாண்டு கழித்துக் கொத்தனார் அந்தக் கம்பியோடுதான் புதுக் கம்பியைக் கட்டுகிறார். கீழ்த்தளத் தூணுக்குள்ளும் அந்த முனை வழியாக ஈரம் இறங்கியிருக்கும்.

கம்பியை நீட்டி விட வேண்டியிருந்தால், துருவைத் தேய்த்துச் சிமெண்ட் பால் பூசி, மெலிந்த கலவையால் தற்காலிகமாக மூடி வைப்பது நல்லது. மாடி எடுக்கும்போது அதை எளிதாக உடைத்துவிடலாம். மாடி தொடங்குமுன் கம்பியைச் செதில் நீக்கி அதன் விட்டத்தை அளக்க வேண்டும். 12 மில்லிமீட்டராக வைத்த கம்பி 10-க்குக் குறைந்திருந்தால் அதன் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அந்நிலையில் தூணைச் சுற்றிப் புதுக் கம்பி வைத்துப் பருமனாக்க வேண்டுமா, மாடி எண்ணத்தையே விட வேண்டுமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.